மூன்றரைக் குடம் தண்ணீரும் ஐந்து நிமிடமும்

ஐம்பது லிட்டர் தண்ணீர் என்பது நம் வீட்டுக் கணக்கில் மூன்றரைக் குடம். ஒரு வேளைச் சமையலுக்கும் பாத்திரம் கழுவவும் சரியாகப் போய்விடும். அவ்வளவு தண்ணீரை மட்டும் பின்சக்கரத்தின் இரு பக்கமும் கட்டிக்கொண்டு, சிவப்பு பெயின்ட் அடித்த மோட்டார் சைக்கிள் ஒன்று சைரன் ஒலிக்கப் போனால், "இதை வைத்துக்கொண்டு எதை அணைக்கப் போகிறார்கள்?" என்று கேட்கத்தான் தோன்றும். நம் ஊர்ப் பெரிய தீயணைப்பு வண்டியில் 4,500 லிட்டர் வரை பிடிக்கும். இதைப் போல 90 மடங்கு. ஆகவே சந்தேகம் நியாயமானது. அதைத் தீர்க்க பைக்கைப் பார்த்துப் பயனில்லை, தீ எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.

மேசை மேல் ஒரு துணியில் பொறி விழுந்ததாக வைத்துக்கொள்வோம். தீ நாலா பக்கமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் பரவுகிறது. எரியும் வட்டத்தின் ஆரம் நேரத்தோடு சீராகக் கூடினால், அதன் பரப்பு நேரத்தின் வர்க்கமாகக் கூடும். தீப் பொறியாளர்கள் கட்டடங்களை வடிவமைக்கும்போது பயன்படுத்தும் கணக்கும் இதுதான். தீ வெளியிடும் வெப்பம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்று வைத்துக்கொண்டு, தீயை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு மெகாவாட், துல்லியமாகச் சொன்னால் 1,055 கிலோவாட், என்ற அளவை எட்ட மெதுவான தீக்கு 600 விநாடி ஆகும். நடுத்தரத் தீக்கு 300, வேகமான தீக்கு 150, அதிவேகத் தீக்கு 75 விநாடி. ஸ்பஞ்சு மெத்தையும் பிளாஸ்டிக்கும் நிறைந்த இன்றைய அறைகள் இந்த வரிசையில் வேகமான பக்கம்தான் சாய்கின்றன.

வர்க்கம் என்பதைப் பள்ளிக் கணக்காகக் கடந்துவிடக் கூடாது. நடுத்தரத் தீ நான்காவது நிமிடத்தில் சுமார் 675 கிலோவாட். எட்டாவது நிமிடத்தில் 2,700. நேரம் இரண்டு மடங்கு ஆனபோது தீ நான்கு மடங்கு ஆகிவிட்டது. மூடிய அறையில் இதைவிட மோசமான ஒரு கட்டமும் உண்டு. சூடான புகை கூரையின் கீழ் தேங்கி 500, 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, அது கீழ்நோக்கி வீசும் வெப்பத்தால் அறையில் உள்ள நாற்காலி, திரைச்சீலை, புத்தகம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். ஃபிளாஷ்ஓவர் என்று சொல்வது இதைத்தான். அதற்கு முன் "அறைக்குள் ஒரு தீ" என்று சொல்லலாம். அதற்குப் பின் அறையே தீ. இன்றைய சாமான்கள் நிறைந்த அறையில் இது ஐந்து நிமிடத்துக்குள்ளேயே நடந்துவிடக் கூடும். அந்தக் கட்டத்தைத் தாண்டிய தீக்கு மூன்றரைக் குடம் ஒன்றுமே இல்லை. தாண்டாத தீக்கு?

ஒரு லிட்டர் தண்ணீர் என்ன செய்யும் என்று பார்ப்போம். 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக சுமார் 300 கிலோஜூல் வேண்டும். அதே தண்ணீர் முழுவதும் ஆவியாக மேலும் 2,257 கிலோஜூல் வேண்டும். சூடாவதில் இழுத்துக்கொள்ளும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கும் மேல், ஆவியாவதில் இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் தீயை அணைப்பதன் சூட்சுமம் இந்த உள்ளுறை வெப்பத்தில்தான் இருக்கிறது. தரையில் ஓடி வாசல் வழியாக வெளியேறும் தண்ணீர் அந்த 2,257ஐத் தொடவே இல்லை. தடித்த ஹோஸிலிருந்து பாயும் தண்ணீரில் பெரும்பகுதி இப்படித்தான் வீணாகிறது. தீ அணைந்த வீட்டில் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

தண்ணீர் குறைவாக இருந்தால் அதை முழுக்க ஆவியாக்கியாக வேண்டும். அதற்கு வழி, துளியைச் சின்னதாக்குவது. ஒரு லிட்டரை ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிகளாகப் பிரித்தால் அவற்றின் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர். அதே லிட்டரை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மைக்ரான், துளிகளாக்கினால் 60 சதுர மீட்டர், ஒரு சின்ன ஃப்ளாட்டின் தரை அளவு. வெப்பம் துளிக்குள் நுழைவது அதன் மேற்பரப்பு வழியாகத்தான். நுழைவாசல் பத்து மடங்கு பெரிதாகிவிட்டதால் துளி கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகிறது. ஆவியான பிறகும் வேலை முடியவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1,700 லிட்டர் நீராவியாக விரிந்து, தீயைச் சுற்றியுள்ள காற்றைத் தள்ளி, அங்கே ஆக்சிஜனைக் குறைக்கிறது. தீயணைப்பு பைக்குகளில் வரும் "வாட்டர் மிஸ்ட்" கருவிகள் எல்லாம் இந்த ஒரு கருத்தின் மேல் நிற்பவை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 100 மைக்ரான் துளி மிக லேசானது. அசையாத காற்றில் விட்டால் விநாடிக்கு ஓர் அடி கூடக் கீழே இறங்காது. தீயிலிருந்து எழும் சூடான காற்றோ விநாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் மேலே போகிறது. மெல்லிய தூவலைத் தீயின் பக்கம் காட்டினால், எரியும் பொருளைத் தொடும் முன்பே துளிகள் கூரைக்குப் போய்விடும். ஜெர்மனியில் உருவான ஐஃபெக்ஸ் என்ற துப்பாக்கி வகைக் கருவி இதற்கு முரட்டுத்தனமான ஒரு தீர்வைக் கண்டது. அதன் குழலில் ஒரு லிட்டர் தண்ணீர், அதற்குப் பின்னால் சுமார் 25 பார் அழுத்தத்தில் காற்று. விசையை அழுத்தினால் வால்வு திறந்து, விநாடியின் நூறில் சில பங்கு நேரத்தில் தண்ணீர் மொத்தமும் வெளியே எறியப்படுகிறது. வேகம் மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் காற்றில் மோதும் தண்ணீர் தானாகவே நுண்துளிகளாக உடைந்து, ஒரு திரளாகத் தீக்குள் புகுகிறது. சுடுபவரின் தோளையும் அது பின்னுக்குத் தள்ளும். மற்றொரு வழி நுரை. தண்ணீரோடு நுரைக் கரைசலையும் அழுத்தக் காற்றையும் கலந்து விட்டால், அது எரியும் பரப்பில் ஒட்டி நிற்கும். எண்ணெய், பெட்ரோல் தீக்கு இதுதான் ஏற்றது.

இரண்டுக்கும் எஞ்சின் பம்பு தேவையில்லை என்பதுதான் பைக்குக்கு வாய்த்த வசதி. தண்ணீரைத் தள்ளும் வேலையை ஒரு சின்னக் காற்று சிலிண்டரே பார்த்துக்கொள்கிறது. வண்டியைக் கிட்டத்தில் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனம் தெரியும். தண்ணீர்த் தொட்டிகள் பின்சக்கரத்தின் இரு பக்கமும் முடிந்தவரை தாழ்வாகத் தொங்குகின்றன. பின்சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் சிலிண்டர், சுருட்டிய ஹோஸ், நாசில். ஐம்பது கிலோ என்பது பின்னால் ஒல்லியான ஒருவரை ஏற்றிச் செல்லும் எடைதான், ஆனால் அந்த ஒருவர் வளைவில் அலைமோத மாட்டார். முழுதாக நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அசைய இடமில்லை. பாதி காலியானதும் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் பாயும், ஒவ்வொரு வளைவுக்கும் பக்கவாட்டில் பாயும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பது இதற்காக. இரண்டு தொட்டியும் ஒருசேரக் காலியாக வேண்டும், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஜப்பானில் இந்த யோசனைக்கு உந்துதல் ஒரு நிலநடுக்கம். 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிந்த வீடுகள் தெருக்களை அடைத்துக்கொண்டன. பல இடங்களில் தீ மூண்டபோது பெரிய வண்டிகள் நுழைய வழியில்லை, நிலத்தடிக் குழாய்கள் உடைந்து தண்ணீரும் இல்லை. அதன்பின் டோக்கியோ தீயணைப்புத் துறை, மேடுபள்ளத்தில் ஓடும் இலகுவான பைக்குகளைக் கொண்டு "குயிக் அட்டாக்கர்" என்ற அணியை அமைத்தது. இரண்டு இரண்டு பைக்காகத்தான் அனுப்புகிறார்கள். ஒன்றில் அந்த அழுத்தக் காற்றுத் துப்பாக்கி, மற்றதில் தீயணைப்பு உருளையும் மீட்புக் கருவிகளும். ஏன் இரண்டு என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இங்கிலாந்தின் லிவர்பூல் பகுதியில் 2010இல் சோதனை செய்தவர்களுக்கு வேறு நோக்கம். பிஎம்டபிள்யூ பைக்கின் இரு பக்கமும் 25 லிட்டர் தொட்டி வைத்து, குப்பைத் தொட்டித் தீ, புல் தீ போன்ற சில்லறைத் தீக்கு அதை அனுப்பினார்கள். குப்பைத் தீக்குப் பெரிய வண்டி போய்விட்டால், அதே நேரத்தில் எங்காவது வீடு எரிந்தால் யார் போவது? பெரிய வண்டியை வீணாக்காமல் காப்பதும் பைக்கின் வேலை என்ற இந்தக் கோணம் எனக்கு மிகவும் பிடித்தது. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையும் முன்பக்கம் இரண்டு சக்கரம் கொண்ட ஸ்கூட்டர்களை இப்படிப் பயன்படுத்தியிருக்கிறது. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் குப்பைக் குழாய்த் தீ வாடிக்கையான ஒன்று. முதுகில் நுரைக் கருவி மாட்டிய ஒருவர் போதும். இந்தியாவிலும் பல மாநிலத் தீயணைப்புத் துறைகள் புல்லட் போன்ற கனமான பைக்குகளில் மிஸ்ட் கருவி பொருத்தி வைத்திருக்கின்றன.

நமக்கு இது ஏன் தேவை என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். 2019 டிசம்பர் 8 அதிகாலையில் தில்லி அனாஜ் மண்டியில் பை தைக்கும் பட்டறைகள் இருந்த ஒரு கட்டடம் எரிந்து 43 பேர் இறந்தார்கள். சந்து குறுகல், தீயணைப்பு வண்டிகளால் உள்ளே போக முடியவில்லை. தீயணைப்பு வண்டி இரண்டரை மீட்டர் அகலம். கண்ணாடியோடு சேர்த்தும் பைக் ஒரு மீட்டருக்குள். சென்னை சௌகார்பேட்டையிலோ மதுரை மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளிலோ மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால் மீதியைக் கண்ணே சொல்லிவிடும்.

ஆனால் இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அனாஜ் மண்டியில் இறந்தவர்களில் பெரும்பாலோர் தூக்கத்திலேயே புகையால் மூச்சுத் திணறிப் போனவர்கள். பைக்கில் தனியாகப் போகும் வீரர் அந்தப் புகைக்குள் நுழைய முடியாது. மூச்சுக் கருவி பத்து கிலோவுக்கு மேல் கனக்கும், அதை மாட்டிக்கொண்டு பைக் ஓட்டுவது கடினம். மாட்டிக்கொண்டு போனாலும், உள்ளே போகிறவருக்கு ஏதாவது ஆனால் இழுத்து வர வெளியே ஒருவர் நிற்க வேண்டும் என்பது உலகெங்கும் தீயணைப்பில் பாலபாடம். டோக்கியோவில் ஜோடியாக அனுப்புவதில் இந்த நியாயமும் இருக்கிறது. 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் தீப்பிடித்த சென்னை சில்க்ஸ் கட்டடம் ஒரு நாளைக்கும் மேல் எரிந்தது. கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட தீக்கு நூறு பைக் போனாலும் வேடிக்கைதான் பார்க்க முடியும். மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரி எரிந்தாலும் மிஸ்ட் தடுமாறும். அங்கே தீ பேட்டரிக்குள்ளேயே தன்னைத் தானே சூடாக்கிக்கொள்கிறது, அதைக் குளிர்விக்க நிறையத் தண்ணீர் நெடுநேரம் ஊற்ற வேண்டும்.

அப்படியென்றால் பைக் எப்போது ஜெயிக்கும்? தீயணைப்பு நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில் ஓர் அறையில் நடுத்தரத் தீ. நெரிசலில் பெரிய வண்டி மணிக்கு 15 கிலோமீட்டரில் போனால் 12 நிமிடம் ஆகும். பைக் அதைப் போல இரு மடங்கு வேகத்தில் போனால் 6 நிமிடம். பாதி நேரம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் யாரோ பார்த்து, பதறி, போன் செய்து, நிலையத்திலிருந்து வண்டி கிளம்ப எப்படியும் மூன்று நிமிடம் ஆகிவிடும். அது இருவருக்கும் பொது. ஆகவே பைக் வந்து சேர்வது ஒன்பதாவது நிமிடத்தில். அதற்குள் தீ 3.4 மெகாவாட்டை எட்டியிருக்கும். ஐம்பது லிட்டர் தண்ணீர் முழுவதும் ஆவியானால் சுமார் 127 மெகாஜூல் வெப்பத்தை உறிஞ்சும். கைத்திறன், காற்று, பதற்றம் எல்லாம் போக அதில் மூன்றில் ஒரு பங்குதான் உருப்படியாகும் என்று வைத்தால் 42 மெகாஜூல். 3.4 மெகாவாட் தீ அதைப் பன்னிரண்டு, பதின்மூன்று விநாடியில் தின்றுவிடும். பைக் வேகமாக வந்தது, ஆனாலும் தோற்றது.

அதே பைக்கை ஒரு கிலோமீட்டருக்குள் நிறுத்தி வையுங்கள். இரண்டு நிமிடப் பயணம், ஐந்தாவது நிமிடத்தில் ஆள் வந்துவிடுகிறார். தீ ஒரு மெகாவாட். அதே 42 மெகாஜூல் இப்போது நாற்பது விநாடிக்கு ஈடுகொடுக்கும். தீ வெளியிடும் வெப்பம் முழுவதையும் உறிஞ்ச வேண்டிய அவசியமும் இல்லை, எரியும் பரப்பைக் குளிரவைத்தால் அது எரிவாயுவை வெளிவிடுவதை நிறுத்திவிடும். நாற்பது விநாடியில் பயிற்சி பெற்ற ஒருவர் அதைச் செய்துவிடலாம். அணைக்க முடியாவிட்டாலும், பெரிய வண்டி வரும்வரை அறை மொத்தமும் பற்றாமல் பார்த்துக்கொள்ளலாம். இது தோராயக் கணக்குதான், ஒவ்வொரு அறையும் வெவ்வேறு விதமாக எரியும். ஆனால் சேதி தெளிவு. பைக் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைவிட அதை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதுதான் முக்கியம். நிலையத்தின் ஷெட்டுக்குள் பெரிய வண்டிக்குப் பக்கத்தில் பளபளவென்று நிற்கும் தீயணைப்பு பைக், திறப்பு விழாப் புகைப்படத்துக்கு மட்டும்தான் உதவும்.

இந்தப் பாடத்தை மருத்துவ உதவிக்காரர்கள் முன்னதாகவே கற்றுக்கொண்டார்கள். லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 1991இலேயே பைக்குகளை இறக்கியது. கர்நாடகம் 2015இலும், தமிழ்நாட்டின் 108 சேவை அதற்கு அடுத்த ஆண்டிலும் பைக் ஆம்புலன்ஸ்களைத் தொடங்கின. இதயத் துடிப்பு நின்றவருக்கு மார்பழுத்தமோ மின்னதிர்ச்சியோ கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. மூளை நான்கைந்து நிமிடத்தில் சேதமடையத் தொடங்குகிறது. ஆகவே நோயாளியைத் தூக்கிச் செல்வது இரண்டாவது வேலை. மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரும் ஆக்சிஜனும் அவற்றைக் கையாளத் தெரிந்த ஒரு கையும் முதலில் போய்ச் சேர வேண்டும், ஸ்ட்ரெச்சர் பின்னால் வரட்டும். சிங்கப்பூர் 2015இல் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. நானூறு மீட்டருக்குள் இருக்கும் தன்னார்வலரின் கைப்பேசிக்குச் செயலி வழியாகத் தகவல் போகும். பைக்கும் வேண்டாம், நடந்தே போய்விடலாம்.

சாலையே இல்லாத இடங்களில் கதை வேறு. அங்கே பைக்தான் ஆம்புலன்ஸ். ஆப்பிரிக்காவின் மலாவியில் 2001 வாக்கில், பக்கவாட்டில் படுக்கை இணைத்த பைக்குகளைக் கிராமச் சுகாதார நிலையங்களில் நிறுத்தினார்கள். பிரசவ அவசரங்களில் தாய்மாரை மருத்துவமனைக்குச் சேர்க்கும் தாமதம் இரண்டு முதல் நாலரை மணி நேரம் குறைந்தது. மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியான கரீமுல் ஹக், ஆம்புலன்ஸ் கிடைக்காமல் தன் தாயை இழந்தவர். நோயாளிகளைத் தன் பைக்கிலேயே ஏற்றிச் செல்லத் தொடங்கி, "பைக் ஆம்புலன்ஸ் தாதா" என்று பெயர் வாங்கினார். 2017இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மாவோயிஸ்டுகள் நடமாடும் காட்டுப்பகுதிகளுக்காக சிஆர்பிஎஃப் 2021இல் அறிமுகப்படுத்திய "ரக்ஷிதா" என்ற பைக் ஆம்புலன்ஸ் இதே தேவையிலிருந்து பிறந்ததுதான். மலாவியிலும் ஜல்பைகுரியிலும் வண்டி நோயாளியின் ஊரிலேயே நின்றது என்பதைக் கவனியுங்கள்.

பைக் ஓட்டும் வீரரின் பாதுகாப்பைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நெரிசலில் சைரனோடு இடுக்கில் நுழையும் இரு சக்கர வாகனம், பெரிய வண்டியைப் போலக் கண்ணுக்குப் படாது. பேருந்து ஓட்டுநர் திரும்பும் முன் பக்கக் கண்ணாடியைப் பார்க்காவிட்டால் முடிந்தது. தீயணைக்கும் தடித்த உடையும் பைக் ஓட்டும் உடையும் ஒன்றல்ல, இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத் தைப்பது எளிதும் அல்ல. சிறப்பு ஓட்டுநர் பயிற்சி இல்லாமல் இந்த வேலையில் ஆளை இறக்குவது தவறு. பெரிய வண்டி வாங்கக் காசில்லை, ஆளும் குறைவு, ஆகவே பைக் என்று எந்த அரசாவது நினைத்தால் அதையும் எதிர்க்க வேண்டும். பைக் கிளம்பும் அதே நொடியில் பெரிய வண்டியும் கிளம்ப வேண்டும்.

வாசகர்கள் கையில் இருப்பது அந்த முதல் மூன்று நிமிடம். தீயைக் கண்டதும் சாமான்களை வெளியே எடுக்கத் தொடங்காமல், ஆட்களை வெளியேற்றிவிட்டு உடனே 101 அல்லது 112ஐ அழையுங்கள். தெருப் பெயரோடு பக்கத்திலிருக்கும் கோயில், கடை என்று ஓர் அடையாளமும் சொல்லுங்கள். யாராவது ஒருவர் தெருமுனையில் போய் நின்று கையைக் காட்டட்டும். சைரன் கேட்டால் இடது ஓரம் ஒதுங்குங்கள். அவசர ஊர்திக்கு வழிவிடாமல் இருந்தால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். அந்த ஊர்திக்கு இரண்டே சக்கரம் இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்.